ஆரணிக் கல்லும் அரியலூர்ச் சங்கும்

ஆரணி நகரம் சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன அந்த ஊரில் பாறையை அதிகம் வெளியே பார்க்க முடியாது. கமண்டல நாகநதி கொண்டுவந்து போட்ட வண்டலும் வயல் மண்ணும் அதை மூடிக் கிடக்கின்றன. போர் வண்டி துளை இறக்கும்போதுதான் அது தலைகாட்டும். முதலில் பழுப்பு மண் வரும், பிறகு மொரம்பு. அதையும் தாண்டியதும் எந்திரத்தின் சத்தம் மாறும். குழாய் வாயிலிருந்து சாம்பல் நிறத் தூள் புகைபோலக் கிளம்பிப் பக்கத்து மாடிகளில் படியும். அதற்குப் பிறகு எத்தனை நூறு அடி போனாலும் அதே பாறைதான். தண்ணீர் கிடைப்பதும் பாறைக்குள் அல்ல, அதில் எங்கேயாவது ஓடும் வெடிப்பில். ஒரு வீட்டு போரில் தண்ணீர் கொட்ட, அடுத்த வீட்டில் வெறும் தூளே வருவது இதனால்தான்.

ஊர் வழக்கில் இது கருங்கல். நிலவியலார் இதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று நைஸ்: வெளிர் நிறத் தாதுக்களும் கரிய தாதுக்களும் வரிவரியாக மாறிமாறி ஓடும் பாறை. மற்றது சார்னோகைட். புதிதாக உடைத்த சார்னோகைட் துண்டு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். கருமையில் பச்சையும் நீலமும் கலந்த நிறம். மற்றப் பாறைகளில் வெள்ளையாகத் தெரியும் வெங்கச்சங்கல் இதில் நீலச் சாயலோடு இருக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த பக்கம் மட்டும் தோல் போர்த்தியதுபோலப் பழுப்பேறியிருக்கும். ஜவ்வாது மலையிலிருந்து பல்லாவரம் குன்றுகள் வரை வடதமிழகத்தில் பரவலாகக் காணப்படும் பாறை இது.

இதன் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாகக் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அங்குள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வங்காளத்தின் வண்டல் நிலத்தில் அப்படிப்பட்ட கல் கிடையாது. சென்னையிலிருந்து கொண்டுபோனதாகவே கருதப்படுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் இந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்து, 1900-ல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். பல்லாவரத்துப் பாறை அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் இன்று அதற்கு சார்னோகைட் என்றுதான் பெயர். ஊரும் மலையும் தமிழ்நாட்டில் இருக்க, பெயர் மட்டும் கல்கத்தாக் கல்லறைக்குப் போனது வேடிக்கைதான்.

இவ்வளவு பழைய பாறை என்றால் அதில் பழங்கால உயிர்களின் எச்சம் நிறையக் கிடைக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆரணிப் பாறையில் ஒரு சிப்பியோ இலையோ எலும்போ கிடையாது. கிடைக்கப் போவதும் இல்லை. காரணம் இரண்டு. அந்தப் பாறை உருவான காலத்தில் செடியும் இல்லை, விலங்கும் இல்லை; உலகில் இருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே. இரண்டாவது, பாறை பட்ட பாடு. சார்னோகைட் உருவாக 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமும் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பமும் வேண்டும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பழைய தாதுக்கள் அழிந்து புதிய தாதுக்கள் விளையும். அதற்குமுன் பாறையில் எந்தச் சுவடு இருந்திருந்தாலும் தப்பியிருக்காது. பின்னர் மேலே இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதால்தான், அவ்வளவு ஆழத்தில் வெந்த பாறை இன்று வயல்காட்டில் தலைநீட்டுகிறது.

அந்தப் பழங்கால உயிர்களின் தடயம் என்று சொல்லக்கூடியது ஒன்று மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது, படிகக்கல் அடுக்குகளுக்கு நடுவே பட்டைபட்டையாக ஓடுகிறது. அங்கே சுரங்கம் தோண்டும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் செய்திகளில் அடிபட்டதுண்டு. இத்தகைய பட்டை இரும்பு உலகெங்கும் பழங்காலக் கடலடியில் படிந்தது. நீரில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக மாற்றி வீழ்த்தியதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அங்கே கிடப்பது உயிரின் உடல் அல்ல, அது விட்டுப்போன வேலை. அதுவும் பலமுறை வெந்து உருமாறியது.

புதைபடிவத்துக்கு வயது மட்டும் போதாது, வண்டல் வேண்டும். செத்த உயிரைச் சேறோ மணலோ சீக்கிரம் மூட வேண்டும்; அந்தச் சேறு இறுகிப் பாறையாக வேண்டும்; பிறகு யாரும் அதை அடுப்பில் வைக்கக் கூடாது. ஆரணியைப் போன்ற கடினப் பாறை நிலத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த நிலத்தின் கிழக்கு ஓரம் ஒரு காலத்தில் உடைந்தது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருங்கண்டம் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் பிளந்தபோது, இன்றைய கிழக்குக் கடற்கரை நெடுகப் பாறை இறங்கிப் பள்ளங்கள் விழுந்தன. ஆறுகள் அவற்றில் வண்டலைக் கொட்டின. பின்னால் கடலும் புகுந்தது. பாலாற்றுப் படுகை அப்படி விழுந்த ஒரு பள்ளம், காவிரிப் படுகை இன்னொன்று. தமிழ்நாட்டுத் தொல்லுயிரியலின் பெரும்பகுதி இந்த இரண்டு பள்ளங்களுக்குள் அடங்கிவிடும்.

ஆரணியிலிருந்து வடகிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர். இன்று கார்த் தொழிற்சாலைகளால் அறியப்படும் அந்த ஊர், நிலவியல் நூல்களில் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம்பிடித்துவிட்டது. அங்குள்ள வெளிர் நிறக் களிப்பாறையை ஏடு பிரிப்பதுபோலப் பிரித்தால் இலைகளின் பதிவு தெரியும். அதிகம் கிடைப்பது டைலோபில்லம் என்ற செடியின் இலை. தோட்டங்களில் வளர்க்கும் சைகஸ் செடியைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் பிடிபடும்; நடுவே ஒரு காம்பு, இரு பக்கமும் சீப்புப் பற்களைப்போல் நெருங்கிய சிற்றிலைகள். ஆனால் அது சைகஸ் அல்ல, வம்சமே அற்றுப்போன வேறொரு கூட்டம். பெரணிகளும் ஊசியிலை மரங்களும் அதோடு சேர்ந்து கிடைக்கின்றன. இன்றைக்கு எங்கு திரும்பினாலும் தெரியும் பூக்கும் செடிகள் அந்தக் காட்டில் இல்லை.

இந்த அடுக்குகளை வரைபடத்தில் ஏற்றியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-ல் நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த அவர், பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி 1873-ல் எழுதிய அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் சேகரித்த செடிப் பதிவுகளைப் பின்னர் ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் என்ற தாவரத் தொல்லுயிரியலாளர் விவரித்தார். ஒருவர் வெயிலில் நடந்து பொறுக்குவதும் இன்னொருவர் மேசையில் வைத்துப் பெயர் சொல்வதும் அந்தக் காலத்து வேலைப் பிரிவினை. தென்னிந்தியத் தொல்லுயிரியல் வளர்ந்ததே இப்படிக் கைமாறிக் கைமாறித்தான்.

அந்தக் கைமாற்றம் முழுமையாகத் தெரியும் இடம் அரியலூர். ஆரணிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே 170 கிலோமீட்டர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன சிப்பிகளைச் சேர்த்து 1840-களில் லண்டனுக்கு அனுப்பினார்கள். நிலவியல் அவர்களுக்குப் பிழைப்பல்ல, பொழுதுபோக்கு. அந்தப் பெட்டிகளைப் பிரித்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் வெளியிட்ட அறிக்கையோடு, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் தென்னிந்தியாவில் ஒரு கடல் இருந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது. 1851-ல் தொடங்கிய நிலவியல் ஆய்வுத்துறை ஹென்றி பிளான்ஃபோர்டை அனுப்பி அந்த நிலத்தை அடி அடியாக வரைபடமாக்கியது. உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக அவர் பிரித்த அடுக்குகளின் பெயர்கள் சில திருத்தங்களோடு இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. பிளான்ஃபோர்ட் பின்னர் வானிலைத் துறைக்குப் போய் அதன் முதல் தலைவரானார்.

அவர் சேர்த்த குவியலுக்குப் பெயர் சூட்டும் வேலை ஃபெர்டினான்ட் ஸ்டோலிட்ஸ்காவிடம் வந்தது. மொராவியாவில் பிறந்து 1862-ல் இந்தியா வந்த இளைஞர். 1863 தொடங்கிப் பத்து ஆண்டுகளில் தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றி நான்கு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. சுருள் ஓட்டுக்கார அம்மோனைட்டுகள், சங்குகள், இரட்டை ஓட்டுச் சிப்பிகள், பவளங்கள் என்று ஒவ்வொன்றும் படத்தோடு. அடுத்த ஆண்டே, 1874-ல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் அவர் இறந்துபோனார், வயது 36. அரியலூரில் ஒரு சிப்பியை எடுத்து இது என்ன இனம் என்று கேட்கும் ஆய்வு மாணவர் இன்றும் முதலில் புரட்டுவது ஸ்டோலிட்ஸ்காவின் படங்களைத்தான்.

கடல் உள்ளே வந்தது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் அடிச்சேற்றைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரின் ஓடைக்காட்டுக்குப் போக வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் மழை அரித்த களிமண் மேடுகள், புல்கூட அரிது. தரையில் கண்ணாடிச் சில்லுபோல மின்னுபவை ஜிப்சம். அவற்றின் நடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூரான, பழுப்பு நிறக் கற்குச்சிகள் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாயின் உறவினர்களுடைய உடலுக்குள் இருந்த ஓடுகள். அருகிலேயே அம்மோனைட்டின் சுருள் துண்டுகளும் கிடைக்கும். பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட் புதிதல்ல. கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கரிய கல்லுக்குள் இருக்கும் சக்கரமும் ஓர் அம்மோனைட்டின் சுருள்தான், அது வேறு கடல், இன்னும் பழையது.

கடலின் ஆழம் குறைந்த ஓரங்களில் பவளமும் பாசியும் சுண்ணாம்புத் திட்டுகளைக் கட்டின. 1953-ல் பெயர் மாற்றப் போராட்டத்தால் தமிழகமே அறிந்த கல்லக்குடியின் சிமென்ட் ஆலை தோண்டுவது அந்தத் திட்டைத்தான். கருடமங்கலத்தில் சங்கும் சிப்பியும் நெருங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றினால் ஒவ்வொரு ஓட்டின் வெட்டுமுகமும் வெள்ளைக் கோலமாகத் தெரியும். திருச்சி மார்பிள் என்ற பெயரில் அது அலங்காரக் கல்லாகப் போனது. கல்லங்குறிச்சி அடுக்கு முழுக்க முழுக்க ஆளி வகைச் சிப்பிகள். அரியலூரைச் சிமென்ட் நகரமாக்கியது இவைதான். சுரங்கம் அழித்தது எவ்வளவோ. ஆனால் அந்தச் சுரங்கச் சுவர்கள் இல்லாவிட்டால் அடுக்குகளின் வரிசையை இவ்வளவு தெளிவாகப் படித்திருக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சிப்பிகள் இன்னொரு கேள்வியையும் கிளப்பின. அரியலூர் அம்மோனைட்டுகளில் பலவற்றுக்கு நெருங்கிய உறவு மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தது. செடிப் பதிவுகளும் அதையே சொல்லின. நடுவே இந்து மகாசமுத்திரம் இருக்க, இது எப்படி? பிளான்ஃபோர்ட் 1875-ல், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே ஒரு பழைய நிலப்பரப்பு இருந்து மூழ்கியது என்று எழுதி, அதற்கு இந்தோ-ஓசியானா என்று பெயரிட்டார். அதற்கு 11 ஆண்டுகள் முன்பு ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலார், லெமூர்களை வைத்து லெமூரியா என்று வேறொரு பெயர் சூட்டியிருந்தார். தமிழ்நாட்டில் நிலைத்தது பின்னதுதான், அதுவும் விலங்கியலிலிருந்து விலகி வேறு கதையாக. அறிவியலில் இரண்டும் நிற்கவில்லை. மூழ்கியது எதுவுமில்லை, நிலங்களே நகர்ந்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. பிளான்ஃபோர்ட் கண்ட ஒற்றுமை உண்மை, சொன்ன காரணம்தான் தவறு.

கடல் பின்வாங்கும் கட்டத்தில் கரையோரமாக ஆறுகள் மணல் போட்டன. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைப்பது அந்த மணலில். பிளான்ஃபோர்ட் காலத்திலேயே இப்பகுதியில் ஒரு டைனோசர் பல் கிடைத்திருந்தது. 1920-களில் சார்லஸ் மாட்லி எலும்புகளைப் பற்றி எழுதினார். 1980-களின் இறுதியில் நிலவியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும், கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு ப்ருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் கொண்டது என்று பொருள். அதன் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 155 சென்டிமீட்டர். முதலில் இதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். நீண்ட கழுத்துள்ள இலையுண்ணி என்பதே இப்போது ஏற்கப்படும் கருத்து. அதைச் சரிபார்க்க எலும்பு இல்லை என்பதுதான் சோகம். அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப்போயின. சில கோட்டுப் படங்களும் பழைய புகைப்படங்களும் மட்டுமே எஞ்சின. எலும்பைத் தோண்டும் முன் பசையூட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிய துணியால் கட்டுப் போட்டு எடுக்கும் முறை எதற்காக என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

டைனோசர் முட்டை என்று அவ்வப்போது வரும் செய்திகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. 2020-ல் குன்னம் பகுதியில் குளம் தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, முட்டை என்ற பேச்சு பரவியது. பார்த்த வல்லுநர்கள், அவை அம்மோனைட் போன்ற கடலுயிர் எச்சத்தைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகியவை என்று சொல்லிவிட்டார்கள். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் நுண்துளைகள் இருக்க வேண்டும். வெறும் உருண்டை வடிவம் எதையும் நிரூபிக்காது.

இதே பகுதியின் நின்னியூர்ப் பக்கம் அடுக்குகள், கிரிட்டேசியஸ் முடிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையைத் தாண்டிவிடுகின்றன. அங்கே சிப்பியும் பாசியும் உண்டு. அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. டைனோசர்களை ஒழித்த அதே பேரழிவு அவற்றையும் கொண்டுபோயிற்று.

கல்லான மரங்களின் கதை தனி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதை அடையாளம் கண்டவர் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன்; பின்னாளில் நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்தியத் தலைவர். மரம் நின்ற இடம் அதுவல்ல. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலில் மூழ்கி, சிப்பிகளோடு புதைந்தது.

ஆரணிக்குத் தென்கிழக்கே 80 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இருப்பவை அதைவிட மிக இளையவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. வக்கிரகாளியம்மன் கோயிலால் அறியப்படும் அந்த ஊரில் சுமார் 200 மரத்துண்டுகள், 247 ஏக்கர் பரப்பில். 1781-ல் சொன்னேரா என்ற ஐரோப்பிய இயற்கையியலார் இவற்றைக் குறிப்பிட்டார். ஊர்க்காரர்கள் அதற்கு எவ்வளவோ முன்பே, இவை திருமால் வதைத்த அரக்கர்களின் எலும்புகள் என்று விளக்கம் வைத்திருந்தார்கள். எலும்பு என்று நினைத்ததில் தவறில்லை. தட்டினால் கல்லின் ஓசை. தொட்டால் மரத்தின் நார், ஆண்டு வளையம், கிளை முறிந்த கணு எல்லாம் அப்படியே. புதைந்த மரத்தின் செல்களுக்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஏறிப் படிந்து, மரம் அழிய அழிய அதன் அச்சைத் தாங்கிக்கொண்டதால் இது நேர்ந்தது. வேரும் பட்டையும் இலையும் எங்குமே இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்த மரங்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

மரத்தைச் சீவல் சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். 1950-களிலும் அடுத்த பத்தாண்டிலும் சி. ஜி. கே. ராமானுஜம் இந்த வேலையில் முன்னின்றார். புளி, மருது, கிளுவை, புன்னை, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் அங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன, ஊசியிலை மரங்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பூக்காத காடு. திருவக்கரையில் ஏறக்குறைய நமக்குத் தெரிந்த காடு.

இதற்குப் பிந்தைய கதையில் மனிதக் கை நுழைகிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஃபூட் எடுத்த கற்கருவிதான் இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி; சில மாதங்களில் அத்திரம்பாக்கம் என்ற இன்னொரு களமும் கண்ணில் பட்டது. அங்கே சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில் கிடைத்த கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. குதிரை, எருமை, நீல்காய் இனங்களின் கல்லான பற்களும் அந்த மண்ணில் இருந்தன. கருவி செய்த கல் குவார்ட்சைட். ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளுக்கு மேலே படிந்த சத்தியவேடு கூழாங்கல் அடுக்குகளில் ஏராளமாகக் கிடைப்பது.

ஆரணிக்கும் வண்டல் உண்டு, ஆனால் அது நேற்றையது. ஜவ்வாது மலையில் உதிரும் சார்னோகைட் துகளைக் கமண்டல நாகநதி இறக்கிக்கொண்டு வந்து செய்யாற்றில் சேர்க்கிறது. செய்யாறு பாலாற்றில், பாலாறு கடலில். வழியில் படவேட்டில் சம்புவராயர் காலத்து ஊரின் சில கோயில்களை மண் மூடிப்போட்டிருந்தது. அவற்றைத் தோண்டித்தான் மீட்டார்கள். ஆரணி நெசவாளர் வீட்டில் குழித்தறிக்காக வெட்டிய பள்ளத்தின் சுவரில் தெரியும் மணலும் களியும் இதே ஆற்று மண். அதற்கும் கீழே இருக்கும் பாறைக்கும் நடுவில் 250 கோடி ஆண்டுகள்; அந்த இடைவெளியின் சில பக்கங்கள் ஸ்ரீபெரும்புதூரிலும் திருவக்கரையிலும் அரியலூரிலும் கிடக்கின்றன.